திருவிழா வேலைய பத்தி என்கிட்ட எல்லாரும் கேக்குற கேள்விங்க: வேலூர்ல இருந்து

நான் காட்பாடி பக்கம். ஓவியம் படிச்சேன், அதுக்கப்புறம் ஆபீஸ் வேலைன்னு எதுக்கும் போகல, திருவிழா நடக்குற ஊர் ஊரா போயி அங்க இருக்கறவங்களோட சேர்ந்து வேலை செய்யறேன். கூத்து ஜமாக்காரங்க (ஜமான்னா கூத்தாடற குழு), ஸ்கூல் பசங்க, கோயில் கமிட்டி, குயவர் வீடு, மேளக்காரங்க, இப்படி. போன்லயும் மெசேஜ்லயும் வர்ற கேள்விங்க பாதிக்கு மேல ஒண்ணாவே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி எதையாவது விட்டுடறேன், அதான் மொத்தமா எழுதி வெச்சிட்டேன்.

கம்யூனிட்டி ஆர்ட்டிஸ்ட்னா என்ன, நீங்க ஓவியரா, கூத்து ஆடறவங்களா, என்.ஜி.ஓவா?

படம் வரைவேன். கூத்து ஆடறதில்ல. என்.ஜி.ஓ கிடையாது. ஒரு ஊர்ல திருவிழான்னா அதுல நூறு கைவேலை இருக்கும், கிரீடத்துக்கு கண்ணாடி ஒட்டணும், திரைத்துணி கிழிஞ்சிருக்கும், படுகளத்துக்கு, அதாவது கடைசி நாள் போடற மண் உருவத்துக்கு, மண்ணு மிதிக்கணும், காளி வேஷத்துக்கு கை செய்யணும். அந்த வேலைங்கள்ல ஒரு கையா நான் போயி நிக்கறேன், கூடவே அந்த ஊரு பசங்களையும் நிக்க வைக்கறேன். முன்னாடி எல்லாம் தானா நடந்தது, தாத்தா செய்யும்போது பேரன் பக்கத்துல உக்காந்திருப்பான், இப்ப பேரன் ஹாஸ்டல்ல இருக்கான் இல்ல பெங்களூர்ல இருக்கான், அந்த இடம் காலியா இருக்கு. என் வேலை முழுக்க அந்த காலி இடத்துலதான்.

ஏன் இன்னும் வட ஆற்காடுன்னு சொல்றீங்க?

கூத்துக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க. 1989ல திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆச்சு, 2019ல வேலூர்ல இருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சுது, பேப்பர்ல இப்ப நாலு மாவட்டம். ஆனா ஒரு ஜமா செய்யாறுல கிளம்பி ஆற்காட்டுல ஆடிட்டு மறுநாள் கே.வி.குப்பம் பக்கம் வந்து நிக்கும், அவங்களுக்கு இது எல்லாம் ஒரே ஊருதான். எனக்கும் அப்படியே பழகிடுச்சு.

தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா? எது சரி?

ரெண்டு பெயருமே புழக்கத்துல இருக்கு. கட்டைன்னு சொல்றது மரத்துல செஞ்ச நகைங்கள, கிரீடம், புஜக்கட்டை, மார்புல கட்டுற பதக்கம் இதெல்லாம். அத கட்டிக்கிட்டு ஆடறதால கட்டைக்கூத்து. தெருன்னு போட்டா கொறச்சலா பாக்கறாங்கன்னு சில கலைஞர்களுக்கு வருத்தம் உண்டு, காஞ்சிபுரம் பக்கம் பி. ராஜகோபால் ஐயாவும் அவங்க சங்கமும் கட்டைக்கூத்துன்னே நிலைநாட்டினாங்க. செய்யாறு பக்கத்து புரிசையில கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை தெருக்கூத்துங்கற பேரோடயே உலகம் சுத்திட்டு வந்துச்சு. என்னை கேட்டா, நீங்க யார்கிட்ட பேசறீங்களோ அவங்க எப்படி சொல்றாங்களோ அப்படியே சொல்லுங்க.

பாரதத் திருவிழான்னா என்ன? ஒரு நாள் கூத்து பாத்தா போதாதா?

போதாது. இத நான் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், மன்னிக்கணும், இதுதான் எங்க பக்கத்தோட உசுரு.

திரௌபதி அம்மன் கோயில் இருக்குற ஊர்ல அக்கினி வசந்த மகாபாரத விழான்னு நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க. பத்து நாளும் நடக்கும், இருபது நாளும் நடக்கும், ஊரோட வசதிய பொறுத்து. மத்தியானம் பாரதம் படிக்கறவர் வந்து பிரசங்கம் பண்ணுவார், வில்லிபாரதமோ நல்லாப்பிள்ளை பாரதமோ, பக்கத்துல ஆர்மோனியமும் மிருதங்கமும். அதுல பாதிய கடந்ததும் ராத்திரி கூத்து ஆரம்பிக்கும், பகல்ல கேட்ட கதை ராத்திரி ஆடும். வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன், கர்ண மோட்சம், கடைசியா பதினெட்டாம் போர். தபசு அன்னிக்கு உயரமான மரம் நட்டு படி வெச்சிருப்பாங்க, அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கிட்டே ஒவ்வொரு படியா ஏறி மேல போயி எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் வீசுவார், கீழ பிள்ளை வரம் கேட்டு பொண்ணுங்க முந்தானைய ஏந்தி நிப்பாங்க. அதுல ஒரு பழம் ஒருத்தி முந்தானையில விழுந்தா அவ மூஞ்ச பாக்கணும் நீங்க.

கடைசி நாள் காலையில படுகளம். கோயிலுக்கு முன்னாடி வெட்டவெளியில மண்ணாலயே துரியோதனன படுக்க வெச்சிருப்பாங்க, நான் வேலை செஞ்சதுல ஒண்ணு அம்பது அடி இருக்கும். தொடையில ஒரு இடத்துல குங்குமத்தண்ணி ஊத்துன பானைய புதைச்சு வெச்சிருப்பாங்க. ராத்திரி பூரா ஆடுன வேஷக்காரங்க தூக்கமே இல்லாம அப்படியே வந்து அந்த மண்ணு மேல ஏறி ஓடுவாங்க, பீமன் தொடையில அடிப்பான், சிவப்பு பீறிட்டு வரும், திரௌபதி அத தலையில தடவி கூந்தல் முடிப்பா. காந்தாரி வேஷக்காரர் முறமும் துடைப்பமுமா வந்து ஒப்பாரி வெப்பார், அப்ப சுத்தி நிக்கற பொம்பளைங்களும் நெஜமாவே அழுவாங்க, அவங்கவங்க வீட்டு சாவ நெனச்சு. முடிஞ்சதும் ஆளாளுக்கு அந்த மண்ண ஒரு பிடி எடுத்துட்டு போயி வயல்லயும் வீட்டுலயும் போடுவாங்க. சாயங்காலம் தீமிதி.

இத ஒரு நாள் கூத்தா தனியா பாத்தா நல்ல நடனம் பாத்த மாதிரி இருக்கும். இருபது நாளும் ஊர்ல இருந்தீங்கன்னா துரியோதனன் சாகும்போது உங்களுக்கும் தொண்டை அடைக்கும்.

அந்த மண் உருவத்துல உங்க வேலை என்ன?

முதல் வருஷம் போனப்ப ஒரு தாத்தாதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தார், என்னை ஏற எறங்க பாத்துட்டு, "இன்னா பாப்பா, படம் வரையற பொண்ணுன்னு சொன்னாங்க, மண்ணு மிதிக்க வருமா ஒனக்கு?"ன்னாரு. வரும் தாத்தான்னேன். வரல. ஏரியில இருந்து டிராக்டர்ல கொட்டுன மண்ணு, தண்ணி விட்டு ஊற வெச்சு கால்லயே மிதிக்கணும், ஒரு மணி நேரத்துல தொடை ரெண்டும் விட்டுப்போச்சு. அவரு ஒண்ணும் சொல்லல, ஒரு சொம்பு மோர் குடுத்தாரு.

அவரு கையில பேப்பர் இல்ல, ஸ்கெட்ச் இல்ல. தரையில ஒரு குச்சிய அடிச்சு அதுதான் தொப்புள்னாரு, அதுல கயித்த கட்டி தலை எவ்வளோ கால் எவ்வளோன்னு இழுத்து அளந்தாரு. கீழ நின்னு பாத்தா தலை ரொம்ப பெருசா தெரியுதேன்னு கேட்டேன். "நீ நின்னுகினு பாக்கற பாப்பா, ஜனங்க கால் பக்கம் உக்காந்துகினு பாப்பாங்க, அங்கருந்து பாரு"ன்னாரு. போயி உக்காந்து பாத்தேன், சரியா இருந்துச்சு. அஞ்சு வருஷம் காலேஜ்ல படிச்ச விஷயம்தான், ஆனா அந்த மண்ணுல உக்காந்தப்பதான் புரிஞ்சுது. மறு வருஷத்துல இருந்து எட்டாவது ஒன்பதாவது படிக்கற பசங்க ஏழெட்டு பேர கூட்டிட்டு போறேன். மீசை அவங்க பொறுப்பு. இப்ப அந்த தாத்தா இல்ல, அவரு கயிறு அளந்த கணக்க அந்த பசங்கள்ல ரெண்டு பேருக்கு தெரியும், அது எனக்கு எந்த அவார்டையும் விட பெருசு.

கிரீடத்த தெர்மாகோல்லயோ ஃபைபர்லயோ செஞ்சா லேசா இருக்குமே?

நானும் அப்படித்தான் நெனச்சேன். விடிய விடிய அவ்வளவு கனத்த தலையில வெச்சு ஆடறாங்களே, கழுத்து வலிக்குமேன்னு பேப்பர் கூழுல ஒண்ணு செஞ்சு ஒரு கூத்து வாத்தியார்கிட்ட (ஜமாவ நடத்தறவரு) குடுத்தேன். அவரும் ஆசையா கட்டிக்கிட்டு போனாரு. சுத்தி சுத்தி ஆடறப்ப கனம் இல்லாததால தலையில நிக்கவே இல்ல, வேர்வைல ஓரம் ஊறிடுச்சு, நடுராத்திரிக்கு மேல பழசையே எடுத்து கட்டிக்கிட்டாரு. விடிஞ்சதும் என்னை கூப்ட்டு வெச்சு பொறுமையா சொன்னாரு, கனம் இருந்தாதான் உடம்பு ராஜாவா நிக்கும்மான்னு.

கல்யாண முருங்கை மரத்துலதான் செய்வாங்க, மரத்துலயே அது லேசான மரம், செதுக்கறதுக்கும் சுலபம். காய வெச்சு, செதுக்கி, ஜிகினா காகிதம் ஒட்டி, கண்ணாடித் துண்டு பதிப்பாங்க. அந்த காலத்து எண்ணெய் வெளிச்சத்துல அந்த கண்ணாடி மினுக்குனது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. இப்ப எல்.இ.டி ஃபோகஸ் போட்டு மூஞ்சியில அடிக்கறாங்க, எல்லாம் வெளுத்து போயிடுது. கமிட்டிக்காரங்ககிட்ட நான் கெஞ்சிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், மஞ்ச வெளிச்சம் போடுங்கண்ணா, பக்கவாட்டுல இருந்து போடுங்க.

மேக்கப் எப்படி? பாக்கலாமா?

கேட்டுட்டு உள்ள போங்க. அரிதாரத்த தேங்கா எண்ணெய் விட்டு குழைச்சு அவங்கவங்களே போட்டுக்குவாங்க, ஒரு கையில சின்ன கண்ணாடி, இன்னொரு கையில ஈர்க்குச்சி. துரியோதனனுக்கு செக்கச்செவேல்னு மூஞ்சி, அதுல வெள்ளையும் கறுப்புமா கோடும் புள்ளியும். பேசாம உக்காந்து பாக்கணும். அந்த ஒன்றரை மணி நேரத்துல டீ குடிச்சுட்டு வீட்டுக் கஷ்டம் பேசிக்கிட்டிருந்த மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா காணாம போயிடுவாரு, திரைக்கு பின்னாடி வந்து நிக்கறப்ப நீங்க அவர்கிட்ட பேரு சொல்லி பேச முடியாது.

நீங்க ஒரு பொண்ணு, ராத்திரி பூரா அங்க இருக்க வீட்டுல விடறாங்களா?

ஆரம்பத்துல அம்மா கூட வந்தாங்க. இப்ப வர்றதில்ல, கூத்து எங்கன்னு கேட்டுட்டு சால்வை எடுத்து வெப்பாங்க.

கூத்து ரொம்ப காலமா ஆம்பளைங்க ஆட்டம், திரௌபதியும் ஆம்பளதான். இப்ப பொண்ணுங்க ஆடறாங்க, நல்லா ஆடறாங்க, குரலும் உடம்பும் ரெண்டும் ஈடு குடுக்குது. ஆனா துணி மாத்த மறைவான இடம், கக்கூஸ், இது ரெண்டும் இல்லாத ஊர்ல அவங்கள ராத்திரி பத்து மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும் வெச்சிருக்கறது நியாயமே இல்ல. கமிட்டிக்கு நான் குடுக்கற லிஸ்ட்ல அதுதான் முதல்ல இருக்கும், மைக் செட்டுக்கு முன்னாடி.

மயானக் கொள்ளை, சிரசு திருவிழா இதுலயும் வேலை செய்றீங்களா? குழந்தைங்கள கூட்டிட்டு வரலாமா?

ரெண்டுலயும் செய்யறேன். மயானக் கொள்ளை மாசி அமாவாசைக்கு, சிவராத்திரி முடிஞ்சதும் வரும். வேலூர்ல பாலாத்தங்கரைக்கு ஒவ்வொரு பகுதியில இருந்தும் அங்காளம்மன் தேர்ல வரும், கூட வர்றவங்க காளி வேஷம் கட்டி வருவாங்க, காயும் பழமும் சுண்டலும் கொழுக்கட்டையும் சூறை விடுவாங்க. அந்த வேஷத்துக்கு கூடுதல் கை, நாக்கு, மகுடம் செய்யற பசங்க சைக்கிள் கடையிலயும் தோல் கம்பெனியிலயும் வேலை பாக்கறவங்க, ஒரு மாசம் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து செய்வாங்க. அவங்கள யாரும் ஆர்ட்டிஸ்ட்னு கூப்பிட்டதில்ல. நான் கூப்பிடறேன்.

சிரசு குடியாத்தத்துல, வைகாசி ஒண்ணாம் தேதி. ரேணுகாதேவி தலைய பரசுராமன் வெட்டுன கதை, கெங்கையம்மனோட சிரசு தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்ல இருந்து கிளம்பி கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு போயி உடம்போட சேரும். வழி நெடுக தேங்கா உடைப்பாங்க பாருங்க, ரோடே வெள்ளையா கெடக்கும். சின்ன குழந்தைங்கள தூக்கிட்டு நடுக்கூட்டத்துக்குள்ள போகாதீங்க, வீட்டு மாடியில யாராவது தெரிஞ்சவங்க இருந்தா அங்க நில்லுங்க. ஆறேழு வயசுக்கு மேல பயம்லாம் இல்ல, நம்ம பசங்க சினிமாவுல பாக்காததா. வேஷத்துக்குள்ள இருக்கற அண்ணன போயி பாத்து பேச விடுங்க, அவ்வளவுதான்.

மேளம் அடிக்கறவங்களோட ஏன் தனியா வொர்க்‌ஷாப் வைக்கறீங்க?

அவங்க கேட்டாங்க. பறையும் பெரிய மேளமும் இல்லாம இங்க எந்த அம்மனும் வெளிய வரமாட்டா, ஆனா சாப்பாடு போடறப்ப அவங்கள கடைசியா கூப்பிடற ஊரு இன்னும் இருக்கு. நான் அத பாத்திருக்கேன், அந்த ஊருக்கு அடுத்த வருஷம் போகல. சாவுக்கு அடிக்கறதில்லன்னு சில இளைஞர்கள் முடிவெடுத்திருக்காங்க, மேடையில மட்டும்தான் அடிப்போம்னு, அவங்க முடிவுதான் சரின்னு நெனக்கறேன். வொர்க்‌ஷாப்ல வாசிக்க சொல்லிக்குடுக்கறது அவங்க, காசு வாங்கறதும் அவங்க, நான் பாய் விரிச்சு டீ வாங்கிட்டு வருவேன்.

எங்க கம்பெனி ஃபங்ஷனுக்கு கூத்து வேணும், ஒரு பத்து நிமிஷம், எவ்வளோ ஆகும்?

பத்து நிமிஷக் கூத்துக்கு நான் ஆள் சொல்றதில்ல. ஒரு தடவ ஒரு பெரிய இடத்து விழாவுக்கு ஜமாவ கூட்டிட்டு போனேன், மத்தியானம் மூணு மணிக்கே வேஷம் போட்டு நிக்க வெச்சாங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேடை ஏத்தி கட்டியங்காரன் (கூத்த ஆரம்பிச்சு வைக்கற கோமாளி) பேச ஆரம்பிக்கறதுக்குள்ள நேரமாச்சுன்னு இறக்கிட்டாங்க. சாப்பாடும் இல்ல. வேன்ல திரும்பி வர்றப்ப கர்ணன் வேஷம் கட்டுனவரு ஆற்காடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. நான்தான கூட்டிட்டு போனேன், அந்த கடன் இன்னும் என் மேல இருக்கு.

ஒரு மணி நேரமாவது குடுங்க, ஒரு முழு காட்சி ஆடட்டும். பணம்னா, ஜமாவுல பதினஞ்சு பேர் வரைக்கும் இருப்பாங்க, வேஷத்துக்கும் வாத்தியத்துக்கும் தகுந்த மாதிரி பங்கு பிரியும், வேன் வாடகை தனி. வாத்தியார்கிட்ட நேரா பேசி வெத்தலை பாக்கு வெச்சு அட்வான்ஸ் குடுங்க. நடுவுல நான் கமிஷன் வாங்கறதில்ல, வாங்கறேன்னு யாராவது சொன்னா எனக்கு சொல்லுங்க.

கவர்ன்மெண்ட்ல உதவி கிடைக்குமா?

கிடைக்கும், நம்ம ஆளுங்க எழுதிப் போடறதில்ல. 2007ல நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் ஆரம்பிச்சாங்க, அதுல பதிவு பண்ணி கார்டு வாங்கினாதான் பிள்ளைங்க படிப்பு, கல்யாணம் இதுக்கெல்லாம் உதவித்தொகை கேக்க முடியும். வயசான நலிஞ்ச கலைஞர்களுக்கு மாசாந்திர உதவித்தொகை இயல் இசை நாடக மன்றம் மூலமா வருது. மாவட்ட அளவுல விருது இருக்கு, 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 19ல இருந்து 35 வரைக்கும் கலை வளர்மணி, அப்புறம் சுடர்மணி, நன்மணி, 66க்கு மேல முதுமணி. ஃபார்ம் நிரப்பத் தெரியலன்னா என்கிட்ட வாங்க, ஆடுன நோட்டீஸ், போட்டோ, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்துட்டு வாங்க. மழைக்காலத்துல கூத்து இல்லாத மாசங்கள்ல எனக்கு பாதி வேலை இதுதான்.

எங்க ஸ்கூலுக்கு வருவீங்களா?

வருவேன். ஆனா ஒரு நாள் வந்துட்டு போட்டோ எடுத்துட்டு போற மாதிரி வரமாட்டேன், குறைஞ்சது ஆறு சனிக்கிழமை வேணும். பழைய பேப்பரும் மைதா பசையும் இருந்தா போதும், பசையில கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டா பூச்சி வராது. முதல் வாரம் ஒண்ணும் செய்ய மாட்டோம், பசங்க வீட்டுக்கு போயி பாட்டிகிட்ட ஒரு பாட்டோ கதையோ கேட்டுட்டு வரணும். ஒரு பொண்ணு அவங்க ஆயா பாடுன தாலாட்ட தெலுங்குல பாடிட்டு, மிஸ் இது தமிழ் இல்ல, தப்பான்னு கேட்டுச்சு. இந்த எல்லைப் பக்கத்துல பாதி வீடு அப்படித்தான் கண்ணு, பாடுன்னேன். அந்த பாட்டுக்குத்தான் அந்த வருஷம் சுவத்துல படம் வரைஞ்சோம். கரிகிரி பக்கத்துல இருக்கறதால மண்பாண்டம் செய்யறவங்க வீட்டுக்கும் ஒரு வாரம் கூட்டிட்டு போவோம். இப்ப கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல கலைத்திருவிழா நடக்குது, அதுக்கு பரிசு வாங்கற மாதிரி டிரெயினிங் குடுங்கன்னு கேட்டா மட்டும் நான் சரியான ஆள் இல்ல.

வீடியோ, ரீல்ஸ் எடுக்கலாமா?

வாத்தியார்கிட்ட கேளுங்க. ஃபிளாஷ் வேண்டாம். சாமி வந்து ஆடறவங்க மூஞ்சிய எடுத்து போடாதீங்க, அவங்க மறுநாள் அதே ஊர்ல காய்கறி வாங்க போகணும்.

கூத்து அழிஞ்சிக்கிட்டு வருதா?

ராத்திரி மூணு மணிக்கு அபிமன்னன் சண்டைக்கு எங்க பக்கத்து ஊர்ல வந்து பாருங்க, உக்கார எடம் இருக்காது. கர்ண மோட்சத்த கருமாதிக்கு இன்னும் வீட்டு வாசல்ல வைக்கறாங்க. பாக்கறவங்க இருக்காங்க, ஆடறவங்களும் வர்றாங்க. குறையறது கட்டை செதுக்கறவங்க, முகவீணைங்கற சின்ன நாதஸ்வரம் மாதிரி குழல ஊதறவங்க, மண்ணுல உருவம் போடறவங்க. முகவீணைக்காரர் கிடைக்காம ஆர்மோனியத்த மட்டும் வெச்சு ஓட்டற ஜமா நெறைய இருக்கு. நன்கொடை குடுக்கணும்னு யாராவது கேட்டா, மேடைக்கு வேண்டாம், முகவீணை கத்துக்கற ஒரு பையனுக்கு ஒரு வருஷம் பஸ் செலவும் சாப்பாடும் குடுங்கன்னு சொல்றேன்.

எப்ப வந்தா பாக்கலாம், எப்படி வரணும்?

பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் எங்கயாவது பாரதம் நடந்துக்கிட்டே இருக்கும், பஸ் ஸ்டாண்டு சுவத்துல நோட்டீஸ் இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு வந்தீங்கன்னா வேலூர்ல புஷ்ப பல்லக்கும் சேர்த்து பாத்துடலாம். ராத்திரி சாப்ட்டுட்டு பத்து மணிக்கு வாங்க, ஒரு பெட்ஷீட், ஒரு சால்வை, தண்ணி பாட்டில். பாய் விரிச்ச பாட்டிங்க பக்கத்துல எடம் கேட்டு உக்காருங்க, கதை புரியலன்னா அவங்களே சொல்லுவாங்க, நடுவுல தூங்கிட்டாலும் முக்கியமான இடம் வர்றப்ப தட்டி எழுப்பி விட்டுடுவாங்க. படுகளத்துக்கு வர்றதா இருந்தா முந்தின நாளே வந்துடுங்க, மண்ணு மிதிக்க ஆள் எப்பவும் பத்தாது. பழைய துணி போட்டுட்டு வாங்க.